நேரில் மிரட்டும் அடிமுறை, திரையில் ஏன் படுத்துவிடுகிறது?

கேள்வி: குழித்துறைக்காரன்

மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலேயே ஒரு பழிவாங்கும் படம் எடுக்கிறோம். ஆசானைக் கொன்றவர்களைச் சீடன் தேடிப் போகிறான், அவ்வளவுதான் கதை. கையில் காசு குறைவு என்பதால் கதையிலும் சிக்கனம். கதாநாயகன் நடிகன் அல்ல. விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவன், சிறுவயதிலிருந்து எங்கள் ஆசானிடம் அடிமுறை என்ற எங்கள் ஊர்த் தற்காப்புக் கலையைப் படித்தவன். அவன் கை நீண்டால் பக்கத்தில் நிற்பவனுக்கு வயிறு கலங்கும். ஆனால் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் ஒரு சண்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தால், இரண்டு பேர் கொசு விரட்டுவது போல இருக்கிறது. கயிறு கட்டித் தூக்குகிறவர்களைச் சென்னையிலிருந்து வரவழைக்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். "பறக்க விடுவதாக இருந்தால் என் பெயரைப் போடாதே" என்று ஆசான் சொல்லிவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: பாறசாலை ஸ்டண்ட்

தம்பி, ஆசான் பக்கம்தான் நானும். கயிற்றுக்கு வைத்த காசில் அடி வாங்குகிறவர்களுக்குச் சோறு போட்டு ஒத்திகை பார்க்க வையுங்கள். அடிமுறை நெருங்கி நின்று அடிக்கிற வித்தை. கை ஒரு சாண் தூரம்தான் போகும், அது கேமராவுக்குத் தெரியாது. அடி விழுந்ததைக் காட்ட வேண்டியவன் எதிரே நிற்பவன். கழுத்து எப்போது திரும்ப வேண்டும், மூச்சு எங்கே அடைக்க வேண்டும், எந்த முழங்கால் முதலில் மடிய வேண்டும் என்று அவனுக்குப் பாடமாக வேண்டும். நீங்கள் ஹீரோவை மட்டும் பழக்கியிருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன்.

அடுத்தது, கேமராவைப் பக்கவாட்டில் வைத்திருப்பீர்கள். முஷ்டிக்கும் தாடைக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்படியே தெரிந்துவிடும். அடி வாங்குகிறவனின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். கை ஒரு சாண் தள்ளிப் போனாலும் பட்டது போலத்தான் இருக்கும். முகத்துக்கு நெருங்கி நெருங்கி எடுக்காதீர்கள். ஒற்றைச் சுவடு, கூட்டச் சுவடு என்கிற காலடி வரிசைகள் எல்லாம் காலில் இருக்கிறது. காலை வெட்டிவிட்டு அடிமுறையை எங்கே தேடுவது?

வினாடிக்கு 24 பிரேமில் எடுத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் வழக்கமாக 1/48 வினாடி. அதை 1/100க்குக் கொண்டுபோனால் கை மங்காமல் கூர்மையாகத் தெரியும். 22 பிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் வேகம் கொஞ்சம் கூடும். அதற்குக் கீழே இறங்காதீர்கள், நகைச்சுவைப் படமாகிவிடும். ஹாங்காங் ஆட்கள் உடையில் பொடி தூவி எடுப்பார்கள், உதை விழும்போது புழுதி பறக்கும். நமக்குப் பொடி எதற்கு, காலடியிலேயே செம்மண் கிடக்கிறது.

பதில்: கொல்லங்கோட்டு அக்கா

நான் வர்மம், அதாவது உடம்பில் அடி பட்டால் ஆபத்தான இடங்களைப் பற்றிய வித்தை, படித்தவள் என்பதால் ஒரு வேண்டுகோள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று ஓலைக்கணக்கு சொல்கிறது. அந்த இடங்களை விரல் வைத்துக் காட்டாதீர்கள். நாளைக்கு ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் செய்து பார்ப்பான். இரண்டு விரல் தள்ளியே அடியுங்கள், எந்த ரசிகனுக்கும் தெரியாது.

உங்கள் கதையை இவ்வளவு மெலிதாக விட்டிருக்கவும் வேண்டாம். நம் ஊர் ஆசான் என்றால் வைத்தியரும்தான். அடித்து வீழ்த்தப்பட்டவனை எழுப்பும் அடங்கல் முறையை அவர் சீடனுக்குச் சொல்லிக்கொடுக்காமலா இருந்திருப்பார்? அப்படியானால் எதிரி விழுந்து கிடக்கும்போது இவன் கை எங்கே போகும்? பைசா செலவில்லாத காட்சி அது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடைசிச் சண்டையைச் சுருக்கி, இதற்கு நேரம் கொடுப்பேன்.

பதில்: களியக்காவிளை பஸ் பயணி

நடிகன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்தோனேசியாவில் சிலாட் என்ற அந்த ஊர்த் தற்காப்புக் கலை பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன இயக்குநர் காரெத் எவன்ஸ், அங்கே டிரைவர் வேலை பார்த்த இக்கோ உவைஸைப் பார்த்துத்தான் கதாநாயகனாக்கினார். 2011இல் வந்த 'தி ரெய்ட்' முழுக்க ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் நடக்கிறது, செலவு சுமார் 11 லட்சம் டாலர். உங்களுக்கு அது பெரும் பணம், அங்கே சில்லறை. உங்களுக்கும் ஒரே தோட்டம் போதும். ஆனால் மழைக்காலத்தில் ரப்பர் மரத்தடியில் வெளிச்சமே இருக்காது. ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிரும்போது வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்களிடம் கலை நயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுமொழி: குழித்துறைக்காரன்

ஸ்டண்ட் அண்ணன், பந்தயம் உங்களுக்கே. அக்கா, அடங்கல் காட்சியை ஆசானிடம் சொன்னேன். மனிதர் வெகுநேரம் பேசவில்லை, பிறகு "அதை நானே சொல்லித்தருகிறேன்" என்றார். உதிர்ந்த இலை காலடியில் நொறுங்குமே, வசனம் கேட்குமா? அடியின் சத்தத்துக்கு என்ன வழி?

பதில்: பாறசாலை ஸ்டண்ட்

சண்டையில் வசனம் எதற்கு? எல்லாச் சத்தத்தையும் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்றில் விழும் அடிக்கு வாழைத்தண்டைக் கம்பால் அடித்துப் பதிவு செய்யுங்கள், முகத்தில் விழுவதற்கு ஈரத் துண்டைத் திண்ணையில் ஓங்கி அறையுங்கள். தண்டை அன்றன்றே வெட்டுங்கள், வாடினால் சத்தம் செத்துப்போகும்.