மஞ்சள் கோடு போட்ட ஊர்க்காரர்கள் வாருங்கள் – ஊராட்சியோடு சேர்ந்து பீடி, சிகரெட்டைத் தடுக்கப் போன அனுபவம்

வெண்ணாற்றங்கரை:
2023 மாசியில் நடந்தது. இன்னும் உறுத்துகிறது, அதான் எழுதுகிறேன். நீடாமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருந்தேன். பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், பீடி, சிகரெட் விற்கக் கூடாது என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊராட்சி பெயிண்ட் வாங்கித் தந்தது, பையன்கள் அந்த எல்லையில் ரோட்டில் மஞ்சள் கோடு போட்டார்கள், தலைவர் கிராம சபையில் தீர்மானமும் போட்டார். அதுவரை குறையில்லை.

மிச்சம் ஒரே ஒரு பெட்டிக்கடை. பள்ளிக்கு நேர் பின்னால், வாய்க்காலுக்கு அக்கரையில். பத்தாம் வகுப்பு ஜன்னலில் நின்றால் கடையில் தொங்கும் லைட்டர்கூடத் தெரியும். அளக்க வந்தவர் டேப்பை ரோட்டோடு இழுத்துக்கொண்டே போனார். மதகைத் தாண்டி, கரையில் திரும்பி, “நூத்தி நாப்பது மீட்டர் சார், கடை வெளியேதான் வருது” என்றார். குறுக்கே கையைக் காட்டினேன். “வாய்க்கால்ல எப்படி சார் டேப் புடிக்கிறது?” என்றார். மேட்டூர் மூடி ஒரு மாதம் ஆகிறது, வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பையன்கள் இறங்கி ஏறி ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது. அந்தப் பாதையில் நின்றுகொண்டுதான் அவர் கணக்கு எழுதினார்.

அதோடு அக்கரை வேறு ஊராட்சி. எங்கள் தலைவர் அந்தத் தலைவரிடம் பேசுவதாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே மதகுத் தகராறு. பேசவே இல்லை.

குறுவைக்காரன்:
சுற்றுச்சுவரிலிருந்து நேர்க்கோட்டில்தான் அளக்க வேண்டும். விதியிலேயே இருக்கிறது. ரோட்டைச் சுற்றி அளந்தபோது நீங்கள் ஏன் விட்டீர்கள்?

சரி, என் கதை. எங்கள் ஊர் பேருந்து நிறுத்தத்தில் நாலு கடை, நாலும் ஊராட்சிக் கட்டடம். மூன்றில் பீடி, சிகரெட் விற்பனை. சில்லறையாக ஒன்று, இரண்டு என்று எடுத்துக் கொடுப்பதுதான் வியாபாரமே. நிறுத்தச் சொல்லுங்கள் என்று போனோம். செயலர் வாடகை நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். “தெருவிளக்கு பல்பு இதுலதான் வாங்குறேன். அவங்க காலி பண்ணிட்டா நீங்க தர்றீங்களா?” அவரைத் திட்டவும் மனசு வரவில்லை.

பலகை மட்டும் மாட்டினார்கள், ‘புகைபிடித்தல் தண்டனைக்குரிய குற்றம்’ என்று. அடுத்த வாரம் பார்க்கிறேன், பலகை அடித்த அதே ஆணியில் பீடி பற்ற வைக்கிற கயிறு தொங்குகிறது. புகை எழுத்து மேலேயே ஏறிக்கொண்டிருந்தது.

ரிட்டயர்டு சுகாதார ஆய்வாளர்:
ஊராட்சியை மட்டும் குறை சொல்லாதீர்கள் தம்பிகளா. அபராதப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவன் நான். 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பொது இடத்தில் புகைபிடித்தால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். இத்தனை வருஷமாக அதே 200. ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில், சாக்கு அடுக்குக்குப் பக்கத்திலேயே பீடி குடித்த சுமை தூக்கும் ஆளுக்கு எழுதினேன். கூட வந்த தலைவரே சட்டைப் பையிலிருந்து 200 ரூபாயை எடுத்துக் கட்டினார். அவருக்கு ஓட்டு. அந்த ஆள் ரசீதை நாலாக மடித்து, பீடி செருகுகிற காதிலேயே செருகிக்கொண்டு மூட்டை தூக்கப் போனார்.

இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தலைவர் வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள். கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் ‘புகையிலை ஒழிப்போம்’ என்று எழுதினால் அது கோஷம். எந்தக் கடை, எந்த இடம், யார் எந்தத் தேதிக்குள் அகற்றுவது என்று எழுத வேண்டும். நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்தோடு புகார் தனியாகப் போகட்டும். இரண்டு ஊராட்சி எல்லை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் நேராகப் போங்கள். ஊராட்சிக் கடை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயம் பார்த்து, புகையிலை விற்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நடுவில் கேட்டால் எவரும் சேர்க்க மாட்டார். மகளிர் குழுவைக் கூப்பிடுங்கள், ஆனால் கடைக்காரர் வீட்டம்மாவும் அதே குழுவில் இருப்பார், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவனுக்குப் புகையிலை கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். கடைக்காரரிடம் 200 ரூபாயைப் பேசாதீர்கள், இதைப் பேசுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, நான் யோசனை கேட்கவில்லை. குறுவைக்காரரே, விதி அன்றைக்கு எனக்குத் தெரியாது, அதுதான் உறுத்தலே. தெரிந்துகொண்டு திரும்பப் போவதற்குள் 2025 ஜனவரி வந்து தலைவர் பதவிக்காலம் முடிந்தது, தனி அலுவலர் வந்தார். தீர்மானமா, எந்தத் தீர்மானம் என்று கேட்டார். நடுவில் ரோட்டுக்குப் புதுத் தார் போட்டார்கள். கோடும் அடியில் போயிற்று.

திருத்துறைப்பூண்டி டீச்சர்:
எங்கள் கோடு அப்படியேதான் இருக்கிறது சார். பள்ளி விட்டதும் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் அங்கே நின்று சிகரெட் பிடிப்பார்கள். ஒருநாள் ஸ்கூட்டியை நிறுத்திக் கேட்டேன். ஒருவன், நான் பாடம் எடுத்த பையன், சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு குனிந்து தன் செருப்பைக் காட்டினான். “கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் டீச்சர் நிக்கிறோம்.”