சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன

கேள்வி:
வணக்கம். வேறொரு மென்பொருளிலிருந்து எனக்கு வரும் சிஎஸ்வி கோப்பில் (மதிப்புகள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட உரைக் கோப்பு) தேதிகள் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருக்கின்றன. அதை எக்செலில் திறந்தபோது சில தேதிகள் செல்லின் வலப்புறமும் சில இடப்புறமும் ஒட்டி நின்றதை நான் பொருட்படுத்தவில்லை. மாதவாரியாகக் கூட்டிப் பார்த்தபோதுதான், 03/04/2024 என்று வந்த ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகப் பதிவாகியிருப்பது தெரிந்தது. செல்லின் தேதி வடிவத்தை மாற்றியும் பயனில்லை. இதைச் சரிசெய்வது எப்படி, இனி நேராமல் தடுப்பது எப்படி?

பதில் 1:
எக்செல் தேதியை ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது அதற்கு 1. உங்கள் செல்லில் இருக்க வேண்டியது 45385, இருப்பதோ 45355; வடிவத்தை மாற்றினால் தோற்றம் மாறுமே தவிர அந்த எண் மாறாது. உங்கள் கணினியின் வட்டார அமைப்பில் மாதம் முதலில் வருவதால், நாள் 12க்குள் இருந்த தேதிகளையெல்லாம் அது புரட்டிப் படித்துவிட்டது. 12க்கு மேல் அப்படி ஒரு மாதமே இல்லாததால் அவற்றை உரையாக விட்டுவிட்டது. இடப்புறம் ஒட்டி நிற்பவை அந்த உரைகள்தாம். 01/01, 02/02 போன்ற 12 நாள்கள் புரட்டினாலும் மாறாதவை என்பதால் தப்பிவிடும். நாள் 12க்குள் வரும் மற்ற 132 தேதிகள் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தவறாகிவிடும் என்பதுதான் கவலைக்குரியது.

மூலக் கோப்பு இருந்தால் அதிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள். இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், டேட்டா பட்டியின் வழியாக எக்செலின் தரவு இறக்குமதிக் கருவியான பவர் குவெரியில் இறக்குமதி செய்து, தேதி நெடுவரிசைக்கு 'யூசிங் லோகேல்' என்பதில் நாள் முதலில் வரும் வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பதில் 2:
மூலக் கோப்பு இல்லையென்றாலும் வழி உண்டு. முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய நெடுவரிசையில், செல்லில் இருப்பது எண்தானா என்று பார்க்கும் இஸ்நம்பர் சார்பைக் கொண்டு சோதித்து, எண்ணாக உள்ளவற்றை மட்டும் டேட் சார்பில் ஆண்டு, நாள், மாதம் என்று இடம் மாற்றிக் கொடுத்தால் அவை நேராகிவிடும். உரையாக உள்ளவற்றைத் தனியே வடிகட்டி, 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' மூன்றாம் படியில் டிஎம்ஒய் (நாள், மாதம், ஆண்டு) என்று குறிப்பிடுங்கள். இடையில் யாரேனும் கையால் திருத்திய வரிகள் இருந்தால் இந்த முறை அவற்றைக் கெடுத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பதில் 3:
கோப்பை அனுப்புபவரிடம், தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறைப்படி 2024-04-03 என்று எழுதித் தரக் கேளுங்கள். ஆண்டு முன்னால் நிற்கும்போது நாளையும் மாதத்தையும் குழப்ப இடமில்லை. திரையில் மாதத்தின் பெயர் தெரியும்படி வடிவம் வைத்தால் பிறர் படிக்கும்போதும் ஐயம் எழாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. மூலக் கோப்பு இருந்ததால் மீண்டும் இறக்குமதி செய்தேன். எல்லாத் தேதிகளும் வலப்புறம் நிற்கின்றன, மாதக் கூட்டல்களும் பொருந்துகின்றன. ஐஎஸ்ஓ வடிவத்தில் அனுப்பும்படி இன்றே எழுதிவிட்டேன்.