மூத்தவனுக்கு லூக்கா 15-ஐ எப்படிச் சொல்வது?

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் பையனுக்கு 9 வயது, தங்கைக்கு 4. அவள் எதை உடைத்தாலும் விட்டுவிடுகிறோம், தன்னை மட்டும் கண்டிக்கிறோம் என்று அவனுக்கு ஆதங்கம். கேட்கும்போதெல்லாம் லூக்கா 15-இல் இயேசு சொன்ன கெட்ட குமாரன் உவமையில் வரும் மூத்த மகன்தான் நினைவுக்கு வருகிறான். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்த தம்பிக்கு விருந்து வைத்ததால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் வராமல் நின்றவனைத் தகப்பன் அதட்டவில்லை. வெளியே போய் வருந்தி அழைத்தார். அவன் உள்ளே போனானா என்று வேதம் சொல்லவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளிடம் வீட்டிலும் வழியிலும் பேசச் சொல்கிறது உபாகமம் 6:7. அதனால் குடும்ப ஜெபத்தில் பிரசங்கம் போல வேண்டாம், பள்ளிக்குப் போகிற வழியில் சொல்ல நினைக்கிறேன். அவனைக் குத்திக்காட்டுவதாக ஆகாமல் எப்படித் தொடங்குவது? ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அப்புறம், தங்கையையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லலாமா, அவனிடம் தனியாகவா?