புதிய பொழுதுபோக்கு மையத்துக்கு ஓவியமா, சிற்பமா? ஓவியர் தேர்வு, சுவர் தயாரிப்பு, ஒப்பந்தம் பற்றி வழி சொல்லுங்கள்

வார்டு_செயலாளர்:
எங்கள் நகராட்சியில் பொழுதுபோக்கு மையம் ஒன்று கட்டி முடியும் தறுவாயில் இருக்கிறது. கடலிலிருந்து 2 கி.மீ. தூரம். உள்ளே இரண்டு ஷட்டில் கோர்ட், வாசிப்பறை, ஜிம். முன்னால் சிறுவர் திடல். கட்டடம் நகராட்சியுடையது. கலைவேலைக்கு மட்டும் குடியிருப்போர் சங்கம் நன்கொடையாக 6 லட்சம் திரட்டியிருக்கிறது.

மூன்று யோசனைகள் இருக்கின்றன. வெளி மேற்குச் சுவரில் (40 அடி நீளம், 18 அடி உயரம், பூச்சு முடிந்து மூன்று வாரம்) பெரிய ஓவியம்; ஷட்டில் அரங்கின் பின்சுவரில் விளையாட்டு வீரர்கள் படம்; திடலில் ஒரு ஸ்டீல் சிற்பம். மூன்றையும் செய்ய முடியுமா? போட்டி அறிவித்து எல்லாரிடமும் வரைபடம் வாங்கி, சிறந்ததற்குப் பரிசு கொடுத்துவிடலாம் என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். அது சரியா? ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

கட்டட_வரைவு:
ஷட்டில் அரங்கின் பின்சுவரை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இறகுப்பந்து வெள்ளை. அதற்குப் பின்னால் ஒரே அடர்நிறமாக, பளபளப்பில்லாமல் சுவர் இருந்தால்தான் ஆடுபவர் கண்ணுக்குப் பந்து தெரியும். அடர்பச்சை அல்லது அடர்நீலம் அடித்து விடுங்கள். அங்கே படம் வரைந்தால் ஆறு மாதத்தில் ஆடுபவர்களே அதன்மேல் திரை கட்டச் சொல்வார்கள்.

ஸ்டீல் சிற்பம் இந்தத் தொகைக்கு வேண்டாம். கடல்காற்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே 304 ரகம் பழுப்பேறும், 316 ரகம் வேண்டும். வெளியே ஸ்டெயின்லெஸ் தகடும் உள்ளே சாதா இரும்புச் சட்டமுமாகச் செய்வது பரவலான வழக்கம். அதில் துரு உள்ளிருந்து தொடங்குவதால் வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதோடு ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதிப்படி காற்றழுத்தக் கணக்கு, அஸ்திவாரம், பொறியாளர் கையெழுத்து எல்லாம் தேவை. சிறுவர் திடலில் நிற்கும் எதன்மீதும் பிள்ளைகள் ஏறுவார்கள் என்று வைத்துக்கொண்டுதான் வடிவமைக்க வேண்டும். 9 செ.மீ. முதல் 23 செ.மீ. வரையுள்ள இடைவெளியில் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் சரியாகச் செய்தால் 6 லட்சத்தில் இடுப்புயரச் சிற்பம்தான் வரும்.

ஆகவே மேற்குச் சுவர் ஒன்றை எடுத்து நன்றாகச் செய்யுங்கள். நான் பிரிப்பதாக இருந்தால் இப்படி: இறுதிச்சுற்று ஓவியர் மூவருக்குத் தலா 15,000 வீதம் 45,000; சுவர் தயாரிப்பு 60,000; ஏறி வரையச் சாரமும் சுவருக்கு விளக்குகளும் 70,000; பொறியாளர் ஆய்வு 20,000; ஓவியருக்குச் சாயம், உதவியாளர், தங்கல் உட்பட 3,25,000; எதிர்பாராச் செலவு 50,000; பராமரிப்புக்கு வங்கியில் தனியாக 30,000. மொத்தம் 6 லட்சம்.

இலவச வரைபடப் போட்டி நடத்தாதீர்கள். அனுபவமுள்ளவர்கள் கூலியில்லாமல் வடிவமைத்துத் தர மாட்டார்கள். வருபவற்றில் பெரும்பாலானவை உங்கள் சுவரைப் பார்க்காமலே வரைந்தவையாக இருக்கும். முதலில் பழைய வேலைகளின் படங்களும் ஒரு பக்கக் குறிப்பும் மட்டும் கேளுங்கள். அதிலிருந்து மூவரைத் தேர்ந்து, சுவரை நேரில் காட்டி, பணம் கொடுத்து வரைவு வாங்குங்கள். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளுக்கு அறிவிப்பை அனுப்புங்கள். தேர்வுக் குழு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். அதில் இருவராவது ஓவியம் தெரிந்தவராகவும், ஒருவர் மையத்துக்கு வரப்போகும் இளைஞராகவும் இருக்கட்டும். நன்கொடையாளருக்குக் குழுவில் இடம் கொடுத்தால் அவர் படமே சுவருக்கு வந்து சேரும்.

ஒன்று முக்கியம்: பணம் உங்களுடையது, சுவர் நகராட்சியுடையது. ஓவியத்தை ஏற்கவும் பராமரிக்கவும் நகர்மன்றத் தீர்மானம் கையில் வந்த பிறகு முன்பணம் கொடுங்கள்.

சுவர்_ஓவியம்:
மேற்குச் சுவர் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான ஓவியங்கள் உரிவது சாயத்தால் அல்ல, சுவரால்.

பூச்சு குறைந்தது 28 நாள் ஆற வேண்டும். ஆறிவிட்டதா என்பதை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 45 செ.மீ. சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்தால் சுவருக்குள் ஓதம் (ஈரம்) இருக்கிறது. கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் பாருங்கள். புதுப் பூச்சின் காரத்தன்மை பிஹெச் அளவில் 12, 13 இருக்கும். வாலைவடிநீரால் (டிஸ்டில்டு வாட்டர்) சுவரை நனைத்து, காரத்தை நிறமாற்றத்தால் காட்டும் பிஹெச் தாளை அழுத்திப் பார்த்து, 9-க்குக் கீழ் இறங்கிய பிறகே பிரைமர் போடுங்கள். காரம் அடங்காத சுவரில் எனாமல் அடித்தால் அது சோப்பாக மாறிப் பிசுபிசுத்து உரியும். பெயர்ப்பலகை வரைபவர்கள் எனாமலைக் கேட்டால் விடாதீர்கள், வெளிச்சுவருக்கான அக்ரிலிக்தான்.

தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதி மொட்டைமாடிப் பக்கம் சரிந்திருக்க வேண்டும்; வெளிப்பக்கம் சரிந்தால் அழுக்குநீர் கோடுகோடாக ஓவியத்தில் இறங்கும். மழைநீர்க் குழாய், ஏசி வடிகுழாய் எதுவும் அந்தச் சுவரில் வேண்டாம். சுவரைச் சமன்செய்யும் வெள்ளைப் பட்டி (புட்டி) பூசவே கூடாது. வெயிலில் வெடித்து, மேலிருக்கும் படத்தையும் சேர்த்துக் கொண்டு விழும். மேடுபள்ளம் லேசாக இருந்தால் இருக்கட்டும், 30 அடி தூரத்தில் தெரியாது.

உங்கள் 720 சதுர அடிக்குக் காரம் தாங்கும் பிரைமர் ஒரு கோட்டுக்கு 7, 8 லிட்டர். அடிநிறம் இரண்டு கோட்டுக்கு 13 முதல் 15 லிட்டர். சாரம் இரட்டை வரிசைக் கால்களில் தனியாக நிற்க வேண்டும். சுவரில் துளை போட்டுக் குறுக்குக்கழி சொருகினால் கடைசியில் அந்த ஓட்டைகளை அடைக்கும் இடமெல்லாம் திட்டாகத் தெரியும்.

நிறம்: காவி, மஞ்சட்காவி, இரும்பு ஆக்ஸைடு சிவப்பு, குரோமியம் ஆக்ஸைடு பச்சை, தாலோ நீலம் ஆகியவை வெயில் தாங்கும். பளிச்சென்ற ரோஸ், மெஜந்தா, எலுமிச்சை மஞ்சள் முதலில் வெளிறும். பிரஷ்யன் நீலம் காரத்தில் நிறமிழக்கும். ஒப்பந்தத்தில் சாயத்தின் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். சென்னை கண்ணகி நகர்க் குடியிருப்புகளில் 2020-இல் வரைந்த பெரிய சுவரோவியங்களைக் குழுவோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். வெயில்படும் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் ஒப்பிட்டால் எந்த நிறத்தை நம்பலாம் என்று கண்ணுக்கே தெரியும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் காய்ந்ததும், பிப்ரவரி, மார்ச்சில் வேலை. மேற்குச் சுவருக்குக் காலையில் நிழல் கிடைக்கும், அதற்குள் வரைய வேண்டும். சூடேறிய சுவரில் சாயம் தூரிகையிலேயே காய்ந்துவிடும், பிடிக்காது.

சூளை_மண்:
இவ்வளவு செய்தாலும் மேற்குச் சுவரில் சாயம் ஏழெட்டு ஆண்டுக்கு மேல் தாங்குவது கடினம். மறுபடி வரையப் பணம் யார் தருவார்கள்? பராமரிப்புக்கு ஒதுக்கும் 30,000 போதாது. நிலைக்க வேண்டும் என்றால் சூளையில் 1,250 டிகிரிக்கு மேல் சுட்ட ஸ்டோன்வேர் (கல்போல் இறுகும் மண்) ஓடுகளில் புடைப்போவியமாக, அதாவது உருவங்கள் மேலெழுந்து நிற்கும்படி, செய்யுங்கள். நிறம் கண்ணாடி போன்ற மேற்பூச்சுக்குள் இருப்பதால் வெயில் அதை ஒன்றும் செய்யாது. புதுச்சேரியைச் சுற்றி இதற்கான பட்டறைகள் உண்டு. இந்தத் தொகைக்கு 720 சதுர அடி வராது, நுழைவாயில் அருகே 60 சதுர அடி வரும். தொட்டுப் பார்க்கக்கூடிய 60 சதுர அடி, தூரத்தில் நிற்கும் 720-ஐ விட மேல் என்பது என் கருத்து.

தவறு நடக்கும் இடங்கள்: ஈரமண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் 10 முதல் 12 சதவீதம் சுருங்கும், வரைபடத்தை 11 முதல் 14 சதவீதம் பெரிதாக்கித்தான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டின் பின்னும் சுடும் முன்பே எண் கீற வேண்டும். ஒட்டும் இடத்தில் பட்டியோ பெயிண்டோ இருக்கக் கூடாது. வெறும் சிமென்ட் பாலில் ஒட்டாமல் வெளிச்சுவருக்கான பாலிமர் பசையைச் சுவரிலும் ஓட்டின் முதுகிலும் தடவ வேண்டும். 3 மீட்டருக்கு ஒரு நெகிழ் இணைப்பு (நெகிழும் பொருள் நிரப்பிய இடைவெளி) விடுங்கள். இல்லையென்றால் வெயிலில் விரிந்து நடுவில் உப்பும். பத்துக்கு ஒன்று வீதம் கூடுதல் ஓடு சுட்டு வாங்கி வையுங்கள்.

வார்டு_செயலாளர்:
மிக்க நன்றி. ஷட்டில் சுவரையும் சிற்பத்தையும் விட்டுவிடுகிறோம். ஓவியமா ஓடா என்பதைக் குழுவிடம் வைக்கிறேன். ஒப்பந்தம் பற்றி யாராவது சொல்லுங்கள். பின்னால் கட்டடத்தை விரிவாக்க நேர்ந்தால் சுவரை இடிக்கலாமா?

சட்ட_வரி:
இது வெறும் வேலை ஒப்பந்தம் அல்ல. பதிப்புரிமைச் சட்டம் 1957, 17-ஆம் பிரிவுப்படி பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். அந்த வரியில் சிற்பம் இல்லை. எனவே சிற்பமாகக் கொள்ளப்படக்கூடிய புடைப்போவியம் என்றால் உரிமை யாருக்கு என்பதைக் கட்டாயம் எழுத்தில் வையுங்கள். உரிமை மாற்றத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் கொள்ளும்.

யார் உரிமையாளராக இருந்தாலும் 57-ஆம் பிரிவு கலைஞருக்கே உரியது: பெயர் போடும் உரிமை, படைப்பு சிதைக்கப்பட்டால் எதிர்க்கும் உரிமை. தில்லி விஞ்ஞான் பவனிலிருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. ஆகவே அகற்ற நேர்ந்தால் 60 நாள் முன்னறிவிப்பு, படமெடுக்கவும் பெயர்த்துச் செல்லவும் கலைஞருக்கு வாய்ப்பு, பழுதுபார்க்க முதலில் அவரையே அழைத்தல் ஆகியவற்றை எழுதுங்கள். இதில் நகராட்சியும் கையெழுத்திட வேண்டும்.

பணம்: கையெழுத்தின்போது 20 சதவீதம், இறுதி வரைவுக்கு 20, பாதி வேலையில் 30, முடிந்ததும் 20, முதல் வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு 10. வரைவுக்கு இரண்டு முறை திருத்தம் என்று எல்லை போடுங்கள். சாரத்தில் ஏறுவோருக்கு விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

சுவர்_ஓவியம்:
ஓடா ஓவியமா என்பதற்கு நடுவழி உண்டு. தரையிலிருந்து 6 அடி வரை ஓதம், பந்து, சுவரொட்டி மூன்றும் தாக்கும் இடம். அங்கே சொரசொரப்பான கல்லோ ஓடோ பதித்து, மேலே 12 அடியில் ஓவியம் வையுங்கள். 480 சதுர அடிதான் வரைய வேண்டியிருக்கும், மிச்சப் பணம் ஓட்டுக்குப் போகும். ஓவியத்தின்மேல் பளபளப்பான பாலியூரிதேன் வார்னிஷ் அடிக்கச் சம்மதிக்காதீர்கள். ஈரம் உள்ளே அடைபட்டு வெள்ளை பூக்கும், அதை நீக்க வழியில்லை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு நிறத்தின் கலவை எண்ணும், கால் லிட்டர் வீதம் சாயமும் மூடி முத்திரையிட்டு மைய அலுவலகத்தில் இருக்க வேண்டும். கடைசி 10 சதவீதத்தை இவை கைக்கு வந்த பிறகே கொடுங்கள்.