பி.எம். கிசான்: வாரிசு பட்டாவுக்கு ‘லேண்ட் சீடிங்’ ஆகவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. அம்மாவுக்கு வர வேண்டிய பி.எம். கிசான் (மத்திய அரசின் விவசாயிகள் உதவித்தொகை) பணம் வராமல் நிற்கிறது. புதுக்கோட்டை மாவட்டம், ஒன்றரை ஏக்கர் மானாவாரி.

அப்பாவுக்கு 2019 முதல் நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 2023இல் தவறிவிட்டார். வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகள் தங்கள் பங்கை விட்டு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் இரண்டையும் வைத்து அம்மா பெயருக்குப் பட்டா மாற்றி, இ-சேவை மையத்தில் புதிதாகப் பதிந்தோம். இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) முடிந்தது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பும் சரி. விவசாயி அடையாள எண்ணும் எடுத்தாயிற்று. நிலையைப் பார்த்தால் ‘லேண்ட் சீடிங்’ (நில ஆவணத்தைத் திட்டப் பதிவோடு இணைப்பது) மட்டும் ‘நோ’.

அலுவலகத்தில் புதுச் சிட்டா கொடுத்தும், பட்டா 01.02.2019க்குப் பிறகு மாறியது, தகுதியில்லை என்கிறார்கள். உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தேதி பொருந்தாது என்று திட்ட விதியிலேயே இருக்கிறதே! திட்டத்தின் உதவி எண் 155261இல் கேட்டால் மாவட்டத்தில் பாருங்கள் என்று முடித்துவிடுகிறார்கள். விதைக்கடலை வாங்கும் சமயத்தில் அம்மாவுக்கு இது பெரிய தொகை.

இப்படி வாரிசு முறையில் பட்டா மாறிப் பணம் பெற்றவர்கள் சொல்லுங்கள்: எந்த ஆவணத்தை எந்த அதிகாரியிடம் கொடுத்த பிறகு உங்களுக்கு ‘லேண்ட் சீடிங்’ சரியானது?