பொருள்: "பிஸ்டன் சீல்" தமிழில் என்ன? (அவசரம், திங்கள் நண்பகல் கெடு)

ஈசூன் வாசி:
அன்பர்களே, சுருள்வில் காற்றுத்துப்பாக்கியின் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்று, கோயம்புத்தூர் வாடிக்கையாளருக்குத் திங்கள் நண்பகலுக்குள் போயாக வேண்டும். சிங்கப்பூரில் போலீஸ் உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாத பொருள், அதனால் பிரித்துப் பார்த்து எழுத வழியில்லை. மொழிபெயர்ப்பு மென்பொருள் 'சீல்' வந்த இடமெல்லாம் 'முத்திரை' குத்தியிருக்கிறது. "தேய்ந்த முத்திரையைக் கழற்றவும்" என்று படித்தால் பத்திரப்பதிவு ஆபீஸ் ஞாபகம்தான் வருகிறது. 'அடைப்பான்' என்று மாற்றலாமா?

சொல்லேருழவர்:
வேண்டாம் அம்மா. மாட்டுக்கு வரும் ஆந்த்ராக்ஸ் நோய்க்கு அடைப்பான் என்று பெயர். 'அடைப்பி' என்க, வடிகட்டி, பேசி, ஊர்தி போல இகர ஈறு கருவிக்கு இயல்பாக வரும். உந்துதண்டின், அதாவது பிஸ்டனின், தலையில் இருப்பதால் 'உந்தடைப்பி'. அடை என்னும் வேரையும் பாருங்கள்: அடைகாத்தல், அடைக்கலம், வெற்றிலைப் பையாகிய அடைப்பை, அதைச் சுமந்து நின்ற அடைப்பைக்காரன். எல்லாவற்றிலும் உள்ளே வைத்துக் காக்கும் பொருள் உண்டு. இந்தக் கருவியும் காற்றை அப்படித்தான் காக்கிறது.

தெம்பனிஸ் ஆசிரியர்:
ஐயா, உந்தடைப்பி வினைத்தொகை. உந்துகிற அடைப்பி என்றாகிவிடும். உந்துவது பிஸ்டன் அல்லவா? 'உந்துதண்டடைப்பி' என்றால் மாணவர் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் பிஸ்டனுக்கு 'ஓம்போ' என்று தங்கள் சொல்லையே வைத்துக்கொண்டார்கள், காற்றுப் புகாததற்குக் 'கெடாப் உடாரா'. அந்தச் சுருக்கம் நமக்கு ஏன் வாய்ப்பதில்லை?

பட்டறை:
வேரை அப்புறம் தோண்டலாம். இதில் சீல் இரண்டு. ஒன்று பிஸ்டன் தலையில் இருப்பது. கிண்ண வடிவம், விளிம்பு முன்பக்கம் விரிந்திருக்கும்; காற்று அழுந்த அழுந்த விளிம்பு சிலிண்டர் சுவரோடு ஒட்டும். மற்றது, குழலை மடக்கி மூடும் வாயில் உள்ள ரப்பர் வளையம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் தப்பான பாகத்தை வாங்கி வருவார்கள்.

பெல்லட்டின், அதாவது குண்டின், வேகம் குறைந்தால் முதலில் வளையத்தைப் பாருங்கள், அதற்கு எதையும் பிரிக்க வேண்டாம். மூடும் இடத்தின்மேல் மெல்லிய டிஷ்யூத் துண்டை வைத்து, பெல்லட் போட்டு, தடுப்பு மேட்டை நோக்கிச் சுட வேண்டும். துண்டு துள்ளினால் கசிவு அங்கேதான்.

பிஸ்டன் சீல் அப்படியில்லை. நாண் ஏற்றாதபோதும், அதாவது சுடுவதற்காக வில்லை அழுத்திப் பூட்டாதபோதும், சுருள்வில் ஓரளவு அமுங்கியபடிதான் உள்ளே இருக்கிறது. வில்லை அழுத்திப் பிடிக்கும் திருகுக் கருவியான அமுக்கியை மாட்டாமல் பின்மூடியின் ஊசியைத் தட்டினால் மூடி முகத்துக்குப் பாயும். பெல்லட் இல்லை, நாண் ஏறவில்லை என்று பார்த்துவிட்டு, அமுக்கியில் பிடித்து ஊசியை எடுத்து, அமுக்கியின் திருகைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். புது சீலை நுழைக்குமுன் சிலிண்டரில் நீளவாக்கில் இருக்கும் வெட்டின் ஓரங்களை உப்புத்தாளால் மழுக்கி, துகளைத் துடைத்தெடுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கூர்மையான ஓரம், உள்ளே போகும்போதே விளிம்பைச் சீவிவிடும். புது சீல் போட்டும் வேகம் ஏறாது. மாலிப்டினம் களிம்பைப் பிஸ்டனின் பக்கங்களில் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். சீலுக்கு முன்னால் சாதா எண்ணெய் போனால் அழுத்தச் சூட்டில் டீசல் எஞ்சின்போலப் பற்றும். வெடிச்சத்தம், புகை, கருகிய சீல்.

ஈசூன் வாசி:
நன்றி அண்ணே. அடிபம்பில் சொல்வதுபோல 'வாஷர்' என்றே விட்டுவிட்டால்?

பட்டறை:
அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் இருந்ததும் எண்ணெயில் ஊறவைத்த தோல் வாஷர்தான், கடைக்காரருக்கும் புரியும். ஆனால் வில்லின் முன்னழுத்தத்தைக் கூட்ட அதன் முனையில் வைக்கிற இரும்பு வட்டும் வாஷர்தான். ஒரே பக்கத்தில் இரண்டும் வரும்.

தெம்பனிஸ் ஆசிரியர்:
அப்படியானால் இருக்கும் இடத்தை வைத்தே பெயரிடலாம்: 'தலையடைப்பி', 'வாயடைப்பி'.

சொல்லேருழவர்:
வாயடைப்பியா! மேடைப் பேச்சாளருக்கு வேண்டிய கருவி. போகட்டும், 'சுருள்வில்' என்று எல்லாரும் எப்படி ஒப்புக்கொண்டீர்கள்? வெற்றிலையும் சுருள்தான், கடிகாரத்தில் இருப்பதும் சுருள்தான். சங்கின் புரிபோல ஏறிச் செல்வது 'சுரி'. ஆகவே சுரிவில். துப்பாக்கியோ துருக்கி வழி வந்தது. யாழ்ப்பாணத்துத் துவக்கும் அதே குடும்பம். மலாயின் செனாப்பாங்கோ டச்சிலிருந்து...

தெம்பனிஸ் ஆசிரியர்:
ஐயா, கெடு திங்கள்கிழமை. பள்ளிப் பாடநூல் பார்த்தவர்கள் எல்லாருக்கும் சுருள்வில் தெரியும்.

ஈசூன் வாசி:
இதுவரை தலையடைப்பி, வாயடைப்பிக்கு நால்வர், அவர்களில் இருவர் "ஏதோ ஒன்று" என்றவர்கள். முதலில் வரும் இடத்தில் 'பிஸ்டன் சீல் எனும் தலையடைப்பி' என்று எழுதுகிறேன். சுருள்வில் அப்படியே இருக்கும்.

சொல்லேருழவர்:
என் மறுப்பைப் பதிவு செய்க. உந்தடைப்பியை உவமைத்தொகையாகக்கூடக் கொள்ள முடியாதா என்று இரவு பார்க்கிறேன்.

பட்டறை:
இன்னொன்று. பெல்லட் இல்லாமல் சுடுவதற்கு 'உலர் சுடல்' என்று எழுதியிருந்தால் மாற்றுங்கள், மழையில் சுடக் கூடாது என்று நினைத்துக்கொள்வார்கள். குழலில் பெல்லட் தடுத்தால்தான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தையாகத் தேங்கும். அது இல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டர் முனையில் மோதி சீல் நசுங்கும், வில்லும் முறியும். 'வெற்றுச் சுடல்' சரியாக இருக்கும்.

சொல்லேருழவர்:
'வறுஞ்சுடல்' அல்லவா? வறுமை, வறிது, வறுங்கை. விரிவாக எழுதுகிறேன்.