கார்டெல்லாம் சரி, சத்தம் மட்டும் வேறு: ட்யூனிங் பிடிபட்ட அனுபவங்கள்

ஆறாம்கம்பி:
ஒரு பாட்டு ரொம்ப நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. கிட்டார் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, கண்டுபிடித்துச் சொல்லும் ஆப்பில் போட்டால் ஜி, சி, டி என்று வரிசையாகக் காட்டுகிறது. அப்படியே வாசித்தால் தப்பில்லை, ஆனால் ரெக்கார்டிங்கில் இருக்கும் அந்த நிறைவு வரவே இல்லை. மோய்சஸ் ஆப்பில் கிட்டாரை மட்டும் பிரித்து, வேகத்தைக் குறைத்து, லூப்பில் விட்டேன். கார்ட் மாறும் இடங்கள் எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

பிடிபட்டது பாட்டு முடிகிற இடத்தில். முழு மிக்ஸில் சிம்பல் ரீங்காரம் அதை மூடிவிடுகிறது. தனியாகக் கேட்டால், இடது கை கம்பியை விட்டு எழும் ஒரு சின்ன ‘ட்ப்’. அடுத்த நொடி வலது கை விரல் எல்லாக் கம்பிகளையும் லேசாக வருடிவிட்டுப் போகிறது. எங்கேயும் அழுத்தம் இல்லை, எல்லாம் வெறும் கம்பி. ஒலித்ததோ சுத்தமான ஜி மேஜர்! ஸ்டாண்டர்டில், அதாவது தடித்த ஆறாம் கம்பியிலிருந்து ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ என்று வரும் வழக்கமான ட்யூனிங்கில், ஆறையும் வருடினால் அப்படி வராதே. வெறும் கம்பிகளே ஜி மேஜர் தரும் ஓப்பன் ஜி ட்யூனிங்தான்: டி-ஜி-டி-ஜி-பி-டி. ஆறு, ஐந்து, ஒன்று ஆகிய மூன்று கம்பிகளையும் இரண்டு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) அளவு இறக்கினேன். பாட்டு அப்படியே கைக்குள் வந்தது.

உங்களுக்கு இப்படிப் பிடிபட்ட இடம் எது?

மெட்ரோனோம்:
நல்ல காது உங்களுக்கு, ஆனால் ஆதாரம் போதாது. ஸ்டாண்டர்டிலேயே நான்கு, மூன்று, இரண்டாம் கம்பிகளை மட்டும் வருடினால் டி-ஜி-பி, அதாவது ஜி மேஜர்தான் வரும். ஆறும் ஒலித்தது என்று எப்படித் தெரியும்? கீழே கேட்டது பாஸ் கிட்டாராகவும் இருக்கலாம். பிரித்தெடுக்கும் ஆப் எதுவானாலும் ஒரு வாத்தியத்தின் ஒலி இன்னொன்றுக்குள் கொஞ்சம் கசியும்.

என் கதை ட்யூனிங்கே இல்லை, சுருதி. ஒரு பழைய பாட்டு, ஈ-யிலும் நிற்கவில்லை, ஈ-ஃப்ளாட்டிலும் நிற்கவில்லை. டேப் காலத்தில் வேகத்தைச் சற்று மாற்றினாலே சுருதியும் கூடவே நகர்ந்துவிடும். ட்யூனரைப் பார்த்துக் கம்பியை ஏற்றி இறக்கி அலுத்துப்போய், கிட்டாரை விட்டுவிட்டுப் பாட்டையே நகர்த்தினேன். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் சேஞ்ச் பிட்ச் போய் 0.3 செமிடோன் (ஒரு செமிடோன் என்பது ஒரு ஃப்ரெட் அளவு) ஏற்றினேன். என் ஏ கம்பியும் பாட்டின் ஏ-யும் உரசி ‘வ்வ்வ்’ என்று அலையடித்துக்கொண்டிருந்தது, இப்போது மெதுவாகியது. 0.4 வைத்ததும் அலை நின்றேவிட்டது. அந்த நொடியில் என் கிட்டார் எங்கே, பாட்டு எங்கே என்று பிரிக்க முடியவில்லை. இன்னும் காதிலேயே இருக்கிறது.

கேப்போபோதும்:
எனக்கு ஓப்பன் ஈ. மூன்றாம் கம்பியை ஜி-யிலிருந்து ஜி-ஷார்ப்புக்கு ஏற்றும்போது அது படீரென்று அறுந்து கன்னத்தை ஒட்டிப் பறந்தது. அவ்வளவுதான் கதை.

ஆனால் புதிதாக இறங்குபவர்களுக்குச் சிலது சொல்லியே ஆக வேண்டும். ஓப்பன் ஈ-யில் ஐந்து, நான்கு, மூன்று ஆகிய மூன்று கம்பிகளையும் ஏற்ற வேண்டும், கழுத்துக்கும் இழுவை கூடும். அதற்குப் பதிலாக ஓப்பன் டி-க்கு, அதாவது டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி-க்கு இறக்கி, இரண்டாம் ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வியான கேப்போவைப் போடுங்கள். அதே ஈ கிடைக்கும். இறக்கும்போது வேண்டிய சுருதிக்கும் கீழே போய், அங்கிருந்து மேலேற்றி நிறுத்துங்கள். இல்லையென்றால் நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தாண்டும் பள்ளக்கட்டை) சிக்கியிருக்கும் கம்பி வாசிக்கும்போது வழுக்கி இன்னும் இறங்கிவிடும். எலெக்ட்ரிக்கில் மிதக்கும் பிரிட்ஜ் (ஸ்பிரிங் இழுவையில் நிற்கும் கம்பித்தாங்கி) இருந்தால் ஒரு கம்பியை இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறும், எனவே ஆறையும் மறுபடி மறுபடி சுற்றிவர வேண்டும். அடிக்கடி இறக்கி வாசிப்பவர்கள் 12 செட்டை விட்டு இன்னும் தடித்த 13-க்குப் போங்கள், கம்பி தொளதொளக்காது.

அப்புறம் வேகம். பாதி வேகத்தில் பயிற்சி செய்யாதீர்கள். அவ்வளவு இழுத்தால் கம்பியைத் தட்டும் அந்த முனையே கரைந்துபோய், எப்போது தட்டினார் என்பதே தெரியாது. நான்கு பார் (தாள வட்டம்) லூப், 70 சதவீதம், தடுக்காமல் வந்தால் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். சுருதியைக் கண்டுபிடிக்கத்தான் பாதி வேகம், கைக்கு அல்ல.

சின்னவிரல்:
13 செட் எல்லோருக்கும் சொல்லாதீர்கள். என் இடது சுண்டுவிரலுக்கு வலு கிடையாது, பார் கார்ட் (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்துவது) பிடித்தால் மணிக்கட்டு வரை இழுக்கும். எனக்கு 11-தான் சரி.

பாடகி ஜோனி மிட்செலுக்குச் சிறுவயதில் போலியோ வந்து இடது கை பலவீனமானதால்தான் ட்யூனிங்கையே மாற்றி மாற்றி வாசித்தார் என்று படித்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. டி-ஏ-டி-ஜி-ஏ-டி வைத்தேன். 1960-களில் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் பரப்பியது. மூன்றாம் கம்பி, இரண்டாம் ஃப்ரெட், ஒரே ஒரு விரல். மற்ற ஐந்தும் வெறுமனே. ஆறையும் மீட்டினேன், டி-யும் ஏ-யும் மட்டும், தம்புரா மாதிரி அறை முழுக்க நிரம்பியது. கிட்டாரை விட்டுவிடலாம் என்று இருந்த எனக்கு அன்று அழுகையே வந்துவிட்டது. எந்த ஆப்பும் இதற்குச் சரியான பெயர் சொல்லவில்லை. மேஜரா மைனரா என்று தீர்மானிக்கிற ஸ்வரமே அதில் இல்லை, பின் எப்படிச் சொல்லும்?

ஆறாம்கம்பி:
மெட்ரோனோம், நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. உட்கார்ந்து சரிபார்த்துவிட்டேன். அந்த வருடல் வரும் இடத்தில் பாஸ் ஏற்கெனவே நின்றுவிட்டது, ஆப் பிரித்துத் தந்த பாஸ் ஸ்டெம்மைத் தனியாகப் போட்டால் அங்கே ஒன்றும் இல்லை. பிறகு கிட்டார் ஸ்டெம்மில் அந்த ஒரு நொடியை மட்டும் வெட்டி எந்த அதிர்வெண் எவ்வளவு ஒலிக்கிறது என்று காட்டும் ஆடாசிட்டியின் ப்ளாட் ஸ்பெக்ட்ரமில் பார்த்தேன். 73 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தெளிவான மேடு, அது கீழ் டி. ஸ்டாண்டர்டின் கீழ் ஈ நிற்க வேண்டிய 82-ல் எதுவுமே இல்லை. நான்கு, மூன்று, இரண்டை மட்டும் வருடியிருந்தால் 73 எங்கிருந்து வரும்?

சின்னவிரல், அந்த ஒற்றை விரல் கார்டை இன்று வாசிக்கப் போகிறேன்.